அப்பாவுக்கு மட்டும் ஒரு வாசல்

போன வாரம் கதையை ஒரு சளி ஸ்லைடின் மேல் நிறுத்திவிட்டுப் போனதற்கு எனக்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "டாக்டர் அப்படிச் செய்திருக்கவே மாட்டார், நீங்கள் வேண்டுமென்றே அந்த மனிதரைப் படுத்துகிறீர்கள்" என்று ஒரு வாசகி. "இந்த வயதில் அவருக்கு எதற்கு மைக்ராஸ்கோப்? மகளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே" என்று ஒரு வாசகர். இரண்டும் ஒரே விலாசத்திலிருந்து வந்திருக்கின்றன. அந்த வீட்டில் சமாதானம் நிலவட்டும்.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர், ஊசி போடும் டாக்டர் இல்லை. வாழ்நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, யார் உடம்பில் என்ன கிருமி இருக்கிறது என்று சொன்னவர். அவர் ஆரம்பித்த பரிசோதனைக்கூடத்தை இப்போது மூத்த மகள் நடத்துகிறாள். வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், லேபில் மேடம் என்பார்கள். டாக்டர் நாற்காலியை விட்டாரே தவிர கையெழுத்தை விடவில்லை. தினமும் காலையில் ஒரு பெட்டியில் ஸ்லைடுகள், அதாவது சளி தடவிய கண்ணாடித் துண்டுகள், வீட்டுக்கு வரும். மைக்ராஸ்கோப்பின் மேல் பொருத்திய கேமரா வழியாக அவற்றைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பார். லேபின் வெப்சைட்டில் 'கிருமி உண்டு', 'கிருமி இல்லை' இரண்டில் ஒன்றைத் தொட்டு, 'அனுமதி' என்ற பச்சைப் பட்டனை அமுக்குவார். உடனே ரிப்போர்ட் அவர் பெயரில் போய்விடும்.

அந்த வெப்சைட்டைச் செய்தவள் மருமகள். டாக்டர் அவளை 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிடுவார். பாதி கேலி, பாதி பெருமை. அவள் கணவன், அதாவது டாக்டரின் மகன், வீட்டுக்குக் கீழேயே கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் பேசுவதில் மன்னன். அதனால் குடும்பத்தில் அவன் பெயர் சமரசம்.

போன வாரம் ஒரு மழலையர் பள்ளிச் சமையல்காரரால் வெடித்தது பிரச்சினை. வேலைக்குச் சேருமுன் அவருக்குச் சளிப் பரிசோதனை. 'காசநோய்க் கிருமி இல்லை' என்று டாக்டர் பெயரில் ரிப்போர்ட் போனது. ஆள் வேலைக்குச் சேர்ந்தார், இருமல் மட்டும் நிற்கவில்லை. வேறு இடத்தில் பரிசோதித்தால் நோய் முற்றியிருக்கிறது. இப்போது அந்தப் பள்ளியின் குழந்தைகளை எல்லாம் வரிசையில் நிறுத்திப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவள் லேப் அலமாரியிலிருந்து அந்தப் பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி குச்சியாக, முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும் அளவுக்குக் கிருமி.

"இதை நீங்கதான் பார்த்தீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"என் பேர்ல போயிருந்தா நான்தான் பார்த்திருக்கணும்" என்றார் டாக்டர். அங்கேதான் விட்டோம்.

இனி இன்று காலை.

ஸ்லைடு பெட்டி வழக்கம்போல வந்து டாக்டரின் மேஜையில் உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே பெரியவள் வந்தாள். செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே அவள் வந்த காரியம் தெரிந்தது. நேரே அப்பாவின் அறைக்குப் போய், பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்க பார்க்க வேண்டாம்ப்பா."

டாக்டர் அப்போதுதான் லென்ஸைத் துடைத்து முடித்திருந்தார். கையில் துணி அப்படியே நின்றது.

"இன்னிக்கு மட்டுமா, இனிமேலேவா?"

"சுகாதாரத்துறை அதிகாரி சாயங்காலத்துக்குள்ள பதில் கேட்டிருக்கார். யார் பார்த்தாங்க, எப்படித் தப்பாச்சு, இனிமே ஆகாம இருக்க என்ன பண்ணப்போறீங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

"உங்கப்பனுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு சொல்லு. வேற என்ன சொல்லுவே?"

"நான் அப்படிச் சொல்லலைப்பா."

"சொல்லலை. பெட்டியைத் தூக்கிட்டே."

பெரியவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அவளையும் குறை சொல்ல முடியாது. அந்த மழலையர் பள்ளியின் வாசலைத் தாண்டித்தான் அவள் தினமும் லேபுக்குப் போகிறாள். நேற்று அங்கே தாய்மார்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒருத்தி இவளை அடையாளம் கண்டு, குழந்தையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சமையலறையில் மருமகள் அண்ணிக்குக் காபி கலந்து நீட்டினாள். பெரியவள் பெட்டியை மடியில் வைத்தபடியே வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது. மாமா கம்ப்யூட்டர்ல இருக்கிற பிரவுசர்..."

"ஆரம்பிச்சுட்டியா?" டம்ளர் டக்கென்று மேஜையில் இறங்கியது. "அங்க குழந்தைங்களுக்கு என்ன ஆகுமோன்னு நான் தூங்காம கிடக்கேன். நீ பிரவுசருங்கறே."

"அதனாலதான் சொல்றேன்."

இந்தப் பிரவுசர் விவகாரம் இந்த வீட்டில் பழைய சண்டை. பிரவுசர் என்றால் வேறொன்றுமில்லை, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். அதைச் செய்தவர்கள் அவ்வப்போது ஓட்டையை அடைத்துப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். ஒரு கட்டத்தில் பழையதைக் கைகழுவிவிடுவார்கள். அதற்குப் பிறகு அதில் விழும் ஓட்டையை அடைக்க ஆள் கிடையாது. டாக்டரின் பிரவுசரைக் கைகழுவிப் பல வருடம் ஆகிறது.

போன வருடம் மருமகள் பிடிவாதமாக நின்றாள். "பழைய பிரவுசர்ல வர்றவங்களை உள்ள விடக்கூடாது. இது நோயாளிங்க விவரம் இருக்கிற சைட்டு" என்றாள்.

பெரியவள் அப்போது கேட்டது நியாயமான கேள்வி. "பழைய போன் வச்சிருக்கிறவனுக்கு நோய் வராதா? அவன் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டாமா? வாசல்ல வந்து நிக்கிறவனைப் பார்த்து, உன் சட்டை பழசு, போய் மாத்திட்டு வான்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அவங்களுக்குக் கவுன்ட்டர்ல பேப்பர் கொடுக்கலாம் அண்ணி. போன்ல படிச்சுச் சொல்லலாம். ஆனா ஓட்டைக் கதவைத் திறந்து வச்சா, அவங்க மட்டுமா உள்ள வருவாங்க?"

வாதம் ஒரு மாதம் நடந்தது. கடைசியில் மருமகள் ஜெயித்தாள். பழைய பிரவுசரில் வந்தவர்களுக்கெல்லாம் வாசல் அடைபட்டது. கவுன்ட்டரில் ஒரு வாரம் ஏச்சும் பேச்சும். பிறகு அடங்கிவிட்டது.

ஆனால் டாக்டரின் மைக்ராஸ்கோப் கேமரா அந்தப் பழைய பிரவுசரோடு மட்டும்தான் பேசும். கேமரா செய்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று. புதுக் கேமராவுக்கு அந்த மைக்ராஸ்கோப் பொருந்தாது. புது மைக்ராஸ்கோப்புக்கு டாக்டர் பொருந்தமாட்டார். "இந்தச் சிவப்பு எனக்குத் தெரிஞ்ச சிவப்பு. வேற மிஷின்ல அது வேற சிவப்பு" என்று சொல்லிவிட்டார்.

பெரியவள் கேட்டுக்கொண்டாள், சமரசம் கெஞ்சினான். "எல்லாருக்கும் சட்டம், அப்பாவுக்கு மட்டும் சலுகை. ஒரே ஒரு ஆள்தானே?" என்றான். மருமகளுக்கும் மாமாவின் முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. டாக்டரின் பெயரில் யார் வந்தாலும், எந்தப் பிரவுசரில் வந்தாலும், எந்தக் கேள்வியும் கேட்காமல் உள்ளே விடு என்று சைட்டில் ஒரு வரி எழுதிவைத்தாள். வேறு யாருக்காவது அதைச் செய்யச் சொல்லியிருந்தால் வேலையையே விட்டிருப்பாள். நாம் எல்லோரும் அப்படித்தான், ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம்.

"அண்ணி, அந்த ஒரு வழியாதான் யாரோ உள்ள வந்திருக்காங்கன்னு எனக்குத் தோணுது. மாமா பக்கத்தை மூடவே மாட்டார், நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். ஓட்டைப் பிரவுசர்ல புகுந்து, அவர் திறந்து வச்சிருக்கிற பக்கத்துலயே அனுமதிப் பட்டனை அமுக்கிட்டுப் போயிருக்கலாம்."

"யாருக்கு அதனால என்ன லாபம்?"

"வேலைக்குச் சேரச் சுத்தமான ரிப்போர்ட் வேணும்னு அலையறவங்க எத்தனை பேர் இருக்காங்க? அதை வாங்கித் தர்றேன்னு ஒரு தரகன் கிளம்பியிருந்தா?"

பெரியவள் யோசித்தாள். முகம் ஒரு கணம் இளகியது, பிறகு மறுபடி இறுகியது.

"தோணுது, இருக்கலாம், கிளம்பியிருந்தா. அதிகாரிகிட்ட இதைச் சொன்னா, அப்பனைக் காப்பாத்தக் கதை கட்டறான்னுதான் நினைப்பார். அப்பா அந்த ஸ்லைடைப் பார்க்கலைன்னு நிரூபிக்க முடியுமா உன்னால?"

அதுதான் முடியவில்லை. மருமகள் காலையிலிருந்து மூன்று முறை பார்த்துவிட்டாள். சமையல்காரரின் ரிப்போர்ட் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்கு அனுமதியாகியிருக்கிறது. எங்கிருந்து வந்தார்கள் என்பதை மற்றவர்களுக்கெல்லாம் சைட் குறித்துவைக்கும். டாக்டருக்கு மட்டும் கிடையாது. மாமாவை வேவு பார்ப்பானேன் என்று அதையும் அவளேதான் நிறுத்தியிருந்தாள்.

அனுமதியான ஸ்லைடு டாக்டரின் திரையில் வரும் பட்டியலிலிருந்து போய்விடும், பெட்டியோடு அப்படியே லேபுக்குத் திரும்பிவிடும். ஆக, டாக்டர் பார்த்துத் தப்பாகச் சொன்னாரா, பார்க்காமலே போயிற்றா என்று சொல்ல ஆளில்லை. டாக்டரோ, நான்தான் பார்த்திருக்கணும் என்று தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மதியம் சாப்பிட மேலே வந்த சமரசம், மூடிய கதவையும் அக்காவின் முகத்தையும் பார்த்தான். வந்த வழியே திரும்பிவிடலாமா என்று ஒரு கால் யோசித்தது.

"உக்காருங்க" என்றாள் மருமகள். "ஒரு கேள்விதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில மாமா எங்க இருந்தார்?"

"எந்தச் செவ்வாய்?"

"சமையல்காரர் ரிப்போர்ட் போன செவ்வாய். அன்னிக்கு ஃபோன் லைன்ல வேலை நடந்துச்சே, உங்க கடையில கார்டு மிஷின் ஓடலைன்னு புலம்பினீங்களே."

சமரசத்தின் கை, பிசைந்த சோற்றில் நின்றது.

"வீட்டுலதான் இருந்திருப்பார். வேற எங்க போவார்?"

"நான் அன்னிக்கு வெளியில போய்ட்டேன். நீங்க கீழ இருந்தீங்க."

"ஆமா, கீழதான் இருந்தேன். வாடிக்கையாளர் இருந்தாங்க."

"யார்?"

பொய் சொல்லும்போது சமரசம் காதைத் தடவுவான். கல்யாணமான முதல் வாரத்திலேயே மருமகள் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது சோற்றுக் கையோடு காதைத் தடவினான்.

"டேய்" என்றாள் பெரியவள். "அப்பா பேர் போயிட்டிருக்கு. இப்பவும் மழுப்பினேன்னா உன்னை என் தம்பின்னே சொல்லமாட்டேன்."

"அப்பா சத்தியம் வாங்கிட்டாருக்கா."

"என்ன சத்தியம்?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு." தட்டை நகர்த்தி வைத்தான். "அன்னிக்கு என் கடையிலதான் இருந்தார். கண்ணு மங்கலா இருக்குடா, உங்கக்காவுக்குத் தெரியாம பார்த்துச் சொல்லுன்னு வந்தார். பார்த்தேன். இடது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு."

பெரியவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நான் நினைச்சது சரிதானே?"

"சொல்லி முடிக்கவிடேன். இடது கண்தான்க்கா. திரையைப் பார்க்க அவருக்கு வலது கண்ணு ஒண்ணு போதும். அது இன்னும் என் கண்ணைவிட நல்லா இருக்கு."

மருமகள் குறுக்கே புகுந்தாள். "எத்தனை மணிக்கு வந்தார்?"

"பத்து மணி வாக்குல. ரெண்டு கண்ணுலயும் சொட்டு மருந்து விட்டேன். மருந்து விட்டா மணிக்கணக்கா எதுவும் தெளிவாத் தெரியாது. மதியம் கைபிடிச்சுத்தான் மாடிக்குக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு முழுக்க அவர்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

"அவர் அன்னிக்கு மைக்ராஸ்கோப் பக்கமே போகலை" என்றான் மெதுவாக. "போயிருக்கவே முடியாது. பதினொன்றரைக்கு என் நாற்காலியில கண்ணை மூடி உக்காந்திருந்தார்."

இந்த ஒரு உண்மையை மூடி வைத்துக்கொண்டு ஒரு வாரமாக மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறான் இந்த மனிதன். சமரசம் என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் மரியாதையாக வைத்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

கதவைத் தட்டியது பெரியவள்தான். முதல் தட்டலுக்குத் திறக்கவில்லை.

"அப்பா, கதவைத் திறங்க. தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான்."

தாழ்ப்பாள் விலகியது. டாக்டர் மகனைத்தான் முதலில் பார்த்தார். "வாயில நிக்காதா உனக்கு?"

"நின்னிருந்தா உங்க பேர் நின்னிருக்காதுப்பா."

பெரியவள் அழுதாள். "கண்ணு மங்கலா இருக்குன்னு என்கிட்ட சொல்லக்கூடாதா? நான் யாரு உங்களுக்கு?"

"நீ கொஞ்ச நாளா என்னை அளவெடுக்கிற மாதிரி பார்த்துட்டிருக்கே. சாவியை எங்க வச்சீங்க, மாத்திரை போட்டீங்களான்னு. இதையும் சொன்னா பெட்டி அன்னிக்கே போயிருக்கும்."

மருமகள் நடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மாமாவுக்குச் சொன்னாள். ஓட்டைப் பிரவுசர், திறந்து கிடந்த பக்கம், செவ்வாய்க்கிழமை பதினொன்றரை. தான் எழுதிவைத்த அந்த ஒரு வரியையும் மறைக்காமல் சொன்னாள்.

டாக்டர் மேஜையைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் இல்லையா?" என்றார். "பார்த்துட்டு மறந்துட்டேன்னு நினைச்சேன். இவ்வளவு கிருமியைப் பார்த்தும் இல்லைன்னு அமுக்கியிருக்கேன், அதுகூட ஞாபகம் இல்லை, அப்படின்னா என் மூளை அவ்வளவுதான்னு. ராத்திரியெல்லாம் அந்தக் குழந்தைங்க..."

குரல் உடைந்துவிட்டது. பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் பெட்டியைத் தூக்கிய அதே கை.

மருமகள் சிறிது நேரம் பொறுத்திருந்தாள். ஆனால் வேலை மிச்சமிருந்தது.

"மாமா, அந்த வாசலை இப்ப மூடணும். மூடினா இந்தக் கம்ப்யூட்டர்ல சைட்டு வராது. கேமராவும் பிரயோஜனமில்லை. ஸ்லைடு பார்க்க நீங்க லேபுக்குத்தான் வரணும்."

"அந்தப் புது மைக்ராஸ்கோப்புக்கா?"

"ஆமா. அந்தச் சிவப்பும் பழகிடும்."

டாக்டர் தன் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். "முப்பது வருஷமா ஒரு நாள் மக்கர் பண்ணாத மிஷின். ஓடிட்டிருக்கிறதை நிறுத்தச் சொல்றீங்க."

"மிஷின் மேல தப்பு இல்லை மாமா. அதைக் கட்டி வச்சிருக்கிற பிரவுசர்தான் தப்பு."

"சரி, மூடு. நான் பார்த்துட்டிருக்கும்போதே மூடு."

அவள் தன் லேப்டாப்பில் அந்த ஒரு வரியை அழித்தாள். டாக்டருக்கு மட்டும் நிறுத்திவைத்திருந்த குறிப்பையும் மறுபடி ஓடவிட்டாள். டாக்டர் தன் திரையில் பக்கத்தைத் திறந்தார். வழக்கமான பச்சைப் பட்டன் இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் இரண்டு வரி. சத்தமாகப் படித்தார்.

"'உங்கள் பிரவுசர் பழையது. அனுமதி இல்லை.'" கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதினது நீயா இன்ஜினியரம்மா?"

"ஆமா மாமா."

"ஒரு 'தயவுசெய்து' கூட இல்லையே. இப்படித்தான் ஒரு வருஷமா ஊரையே விரட்டிட்டு இருந்தியா?"

மருமகளுக்கு முகம் சிவந்தது. அந்த வரியை எழுதியபோது அவள் ஓட்டைகளைத்தான் நினைத்தாள். திரைக்கு முன்னால் ஒரு முகம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"மாத்திடறேன்" என்றாள். "இன்னொண்ணு. எதுக்கும் உங்க பாஸ்வேர்டையும் மாத்திடலாம்."

டாக்டர் நிமிர்ந்தார்.

அவருடைய பாஸ்வேர்டு இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போய்ச் சேர்ந்த மனைவியை அவர் 'சிட்டு' என்றுதான் கூப்பிடுவார். எட்டு எழுத்தாவது வேண்டும் என்று சைட் அடம்பிடித்ததால், அதையே இங்கிலீஷில் இரண்டு முறை அடித்து வைத்திருந்தார். "அவளும் ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவா" என்று அன்றைக்குச் சிரித்தார்.

"இன்னிக்கே வேணுமாம்மா?" என்றார். "மிஷினை எடுத்துட்டே. அதை மட்டும் இன்னிக்கு விட்டுடேன். தினமும் காலையில அதை அடிச்சாத்தான் எனக்கு நாள் தொடங்குது."

மருமகள் கணவனைப் பார்த்தாள். "வாசல்தான் மூடியாச்சே. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றான் சமரசம். அவன் வேறு என்ன சொல்வான்! பெரியவளும் தலையை ஆட்டினாள். அப்பாவிடமிருந்து இன்றைக்குப் பிடுங்கியது போதும் என்று அவளுக்கும் தோன்றியிருக்கும்.

"சரி மாமா. நாளைக்குக் காலையில, முதல் வேலையா" என்றாள் மருமகள்.

மறுபடியும் அப்பாவுக்கு மட்டும். எனக்கு அந்த இடத்தில் அவளை ஓங்கி ஒரு குட்டு குட்டலாம் போலிருந்தது. ஆனால் நான் அங்கே இருந்திருந்தால், நானும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் பெரியவள் அதிகாரிக்கு ஃபோன் போட்டாள். கூடத்தில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இரண்டு கையாலும் காபி டம்ளரைப் பிடித்திருந்தார். பல நாளுக்குப் பிறகு அவரே கேட்டு வாங்கிய காபி.

"ஐயா, எங்கப்பா அந்த ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. யாரோ அவர் பேரைப் பயன்படுத்தியிருக்காங்க. சாட்சி இருக்கு... ஆமா, போலீஸ்லயும் எழுதிக்கொடுக்கறோம். அந்த வழியை இன்னிக்கு அடைச்சாச்சு... இனிமே அவர் பேர்ல ஒரு ரிப்போர்ட்டும் தப்பாப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு. லேப் உரிமத்தையே வச்சுச் சொல்றேன்."

அவள் ஃபோனை வைத்தாள். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டாள். சமரசம் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தான்.

ஃபோன் 'டிங்' என்றது.

டாக்டர் எந்த ரிப்போர்ட்டை அனுமதித்தாலும் பெரியவளுக்கு ஒரு செய்தி வரும். வழக்கமாக அதைப் பார்க்காமலே தள்ளிவிடுவாள். இன்று பார்த்தாள்.

'பள்ளி வேன் ஓட்டுநர். சளிப் பரிசோதனை. கிருமி இல்லை. அனுமதித்தவர்: டாக்டர்.'

அவள் செய்தியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் கைகள் டம்ளரிலேயே இருந்தன. பிறகு தன் மடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளினாள். வேன் ஓட்டுநரின் ஸ்லைடு அதில்தான் இருந்தது. காலையிலிருந்து அதை யாரும் தொடவே இல்லை.

"எப்படி?" என்றாள். "மூடிட்டேன்னு சொன்னியே!"

மருமகள் அதற்குள் லேப்டாப்பைத் திறந்திருந்தாள். வாசல் மூடித்தான் இருந்தது. வந்தவன் புத்தம்புதுப் பிரவுசரில், முன்வாசல் வழியாக, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே வந்திருந்தான். ஃபோன் லைன் ஓடாத அந்தச் செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

"மாமா," என்று திரும்பினாள். "உங்க பாஸ்வேர்டை எங்கயாவது, யார்கிட்டயாவது..."

டாக்டரின் முகம் வெளுத்தது.

"ஒரு நாள் பாஸ்வேர்டை ரெண்டு தடவை கேட்டுது" என்றார். "நம்ம பக்கம் மாதிரியேதான் இருந்துது. முதல்ல நான்தான் தப்பா அடிச்சுட்டேன்னு நினைச்சு மறுபடி அடிச்சேன். சொன்னா வயசாயிடுச்சும்பீங்கன்னு... சொல்லலை."

அது லேபின் பக்கமில்லை, அதைப்போலவே செய்துவைத்த போலி. புதுப் பிரவுசராக இருந்திருந்தால், போகாதே என்று குறுக்கே கை நீட்டி மறித்திருக்கும். கைகழுவப்பட்ட பழையதற்கு யார் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

பெரியவள் கவுன்ட்டருக்கு ஃபோன் போட்டுக் கத்தினாள். "வேன் டிரைவர் ரிப்போர்ட்டைக் கொடுக்காதீங்க! நிறுத்துங்க!"

எதிர்ப்பக்கம் சொன்னது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "இப்பத்தான் மேடம் வாங்கிட்டுப் போனார். நாளைக்குக் காலையில டியூட்டியில சேரணுமாம்."

"எந்தப் பள்ளி?"

"அது தெரியலையே மேடம்."

பெரியவள் பெட்டியோடு படியில் இறங்கி ஓடினாள். சமரசம் வாழ்க்கையில் முதல் முறையாக யாரிடமும் எதுவும் கேட்காமல் பின்னாலேயே ஓடினான்.

கூடத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். மருமகள் லேப்டாப்பை மாமாவின் பக்கம் திருப்பினாள். திரையில் காலியாக ஒரு கட்டம். 'புதிய பாஸ்வேர்டு' என்று அதன் மேல் எழுதியிருந்தது.

"இப்பவே மாத்தணும் மாமா. இன்னும் எத்தனை பேருக்குப் போடப்போறானோ."

"மாத்தும்மா. மாத்து."

"என்ன வைக்கட்டும்? நீங்க சொல்லுங்க."

டாக்டர் கட்டத்தைப் பார்த்தார். கை தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. பழகிய முதல் எழுத்தின் மேல் விரல் வந்து நின்றது. அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு வேற பேரே தெரியாதேம்மா" என்றார்.